நாலு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கேக்க

போன மாதம் பார்சலோனாவில் ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில் வைத்து நானும் அப்பாவும் சண்டை பிடித்தோம். சின்னச் சண்டைதான். ஆனால் அதற்குப் பிறகு, சுற்றுலாவைப் பற்றி இவ்வளவு நாளும் நான் கதைத்து வந்ததிலும், இந்த மடலில் நாங்கள் எழுதி வந்ததிலும், ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைத்தான் எழுதப் போறன்.

அப்பாவுக்கு 65 வயது. பென்சன் எடுத்து மூன்று மாதம். கிட்டத்தட்ட முப்பத்தெட்டு வருசம் பேர்ண் நகரத்து ரெஸ்ரோரண்ட் குசினிகளில் நின்ற மனுசன். கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு வந்தவர். ஸ்பெயினை ஒருக்கா பாக்கவேணும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். காரணம் கடற்கரை இல்லை. அவருக்கு வேலை பழக்கியவர் ஒரு ஸ்பானியர், கலீசியாப் பக்கத்துக்காரர். 1960களில் இருந்து ஸ்பானியர்கள் சுவிஸுக்குக் கூலி வேலைக்கு வந்தார்கள். பருவகால அனுமதிதான் அவர்களில் பலருக்குக் கிடைத்தது. வருசத்தில் ஒன்பது மாதம் வேலை, பிறகு திரும்பிப் போகவேண்டும், குடும்பத்தைக் கூட்டிவர ஏலாது. அந்தச் சட்டம் 2002 வரைக்கும் இருந்தது. எங்கட ஆக்கள் அகதியாக வந்து குசினிக்குள் நுழைந்தபோது, அவர்களுக்கு முன்னமே அங்கே நின்றவர்கள் இத்தாலியரும் ஸ்பானியரும் போர்த்துக்கேயரும்தான். அந்தக் கலீசியாக்காரர் செத்து இப்ப பத்து வருசத்துக்கு மேல். அப்பா இன்னும் முட்டை பொரித்தால் அவரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்.

அம்மா அக்காவின் குழந்தையோடு நின்றுவிட்டா. நானும் அப்பாவும் நாலு நாளைக்குப் போனோம்.

நான் சும்மா போகவில்லை. நகரமும் வாடகையும் என்ர மாஸ்டர்ஸ் ஆய்வுக்குப் பக்கத்துத் தலைப்பு. 2024 ஜூலை 6 அன்று பார்சலோனாவில் ஆயிரக்கணக்கானோர் சுற்றுலாவுக்கு எதிராக ஊர்வலம் போனதும், அதில் சிலர் உணவகங்களின் வெளி மேசைகளில் இருந்தவர்கள் மேல் தண்ணித் துவக்கால் அடித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் படத்தை நாங்கள் எல்லாரும் பகிர்ந்தோம். நான் கைதட்டும் படம் போட்டுப் பகிர்ந்தேன். 2024இல் மட்டும் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 9 கோடியே 38 லட்சம். அந்த நாட்டின் சனத்தொகையோ 5 கோடிக்கும் குறைவு. பார்சலோனாவில் பத்து வருசத்தில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்று நகர முதல்வர் ஜாவுமா கொல்போனியே சொன்னார். சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் 10,101 வீடுகளின் அனுமதியையும் 2028 நவம்பருக்குள் நிறுத்தப்போவதாக அறிவித்தார். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் விமானச் சீட்டு எடுத்தேன். அதனால் ஒரு 'நல்ல விருந்தாளி'யாக இருப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு என்னிடம் ஒரு பட்டியலும் இருந்தது.

சுற்றுலா வீட்டில் தங்கக் கூடாது. படம் போட்ட மெனு அட்டை வாசலில் நிற்கும் கடைக்குள் போகக் கூடாது. ஐந்து மொழியில் மெனு வைத்திருக்கும் கடைக்கும் போகக் கூடாது. லா ரம்ப்லா வீதியில் சங்ரியாக் குடம் விற்கும் மேசைகளுக்குக் கிட்டவும் போகக் கூடாது. அந்த ஊர்ச் சனம் சாப்பிடும் இடத்தில், அந்த ஊர்ச் சனம் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். அவர்களின் மொழியில் ரெண்டு சொல் கதைக்க வேண்டும். கூட்டமாகப் போகக் கூடாது.

இரண்டாம் நாள் அப்பாவைப் போப்ளே செக் பகுதிக்குக் கூட்டிப் போனேன். மொன்ஜுயிக் மலை அடிவாரத்தில் இருக்கும் பழைய தொழிலாளர் குடியிருப்பு. அங்கே பிளாய் வீதி முழுக்கப் பின்ச்சோக் கடைகள். பாண் துண்டுக்கு மேல் மீனோ இறைச்சியோ வைத்துக் குச்சியால் குத்தியிருப்பார்கள். சாப்பிட்டு முடிய, கோப்பையில் கிடக்கும் குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவார்கள். அது வடக்கே பாஸ்க் நாட்டுப் பழக்கம். இப்ப அந்த வீதியில் எங்களைப் போன்றவர்கள்தான் நிறைந்திருந்தார்கள். பட்டியலின்படி அது கூடாது. எனவே மேல் வீதிகளில் ஏறி இறங்கி, முக்கால் மணித்தியாலம் அப்பாவை நடக்கவைத்து, கடைசியில் நான் கனவு கண்ட கடையைக் கண்டுபிடித்தேன். கரும்பலகையில் சோக்கால் எழுதிய மெனு. பழைய ஓட்டுச் சுவர். 14 யூரோ. உள்ளே ஒரு ரூரிஸ்ட்டும் இல்லை. உண்மையில் உள்ளே ஒருவருமே இல்லை.

நேரம் நாலு மணிக்குப் பத்து நிமிசம்.

வெயிற்றர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், குசினிப் பக்கம் ஒருக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு ஒரு மேசையைக் காட்டினார். நான் போய் இருந்துவிட்டேன். அப்பா இருக்கவில்லை.

"குசினி பூட்டுற நேரம் பிள்ளை. எழும்பு, போவம்."

"அப்பா, அவர் ஓம் எண்டு சொல்லிட்டார்."

"அவர் வேற என்னத்தைச் சொல்லுறது?"

நான் கோபத்தில் ஏதோ கத்தினேன். முக்கால் மணித்தியாலம் நடந்தது, எனக்குப் பசி, நாங்கள் ஒன்றும் பணக்கார ரூரிஸ்ட் இல்லை, இந்தக் கடைக்கு வருமானம்தானே என்று எல்லாம். அப்பா வெயிற்றரைப் பார்த்துக் கையைக் கூப்பி, "நோ, நோ, கொசினா" என்று சொல்லி, கதவைக் காட்டிச் சிரித்தார். அந்த வெயிற்றரின் முகத்தை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஆள் மூச்சு விட்டார்.

நாங்கள் சுப்பர்மார்க்கெட்டில் பாணும் சீஸும் தக்காளியும் வாங்கி, பரலெல் பெருவீதியில் ஒரு வாங்கில் இருந்து சாப்பிட்டோம்.

சுவிஸ் குசினிகளில் 'சிம்மர்ஸ்டுண்ட' என்று ஒரு சொல் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும் வரை உள்ள இடைவெளி. சம்பளம் இல்லாத நேரம். சொல்லின் நேரடிக் கருத்து 'அறை மணித்தியாலம்'. போய் அறையில் படு என்று அர்த்தம். அப்பாவுக்குப் பக்கத்தில் அறை கிடையாது. எங்கட வீடு பஸ்ஸும் ரயிலுமாக ஒரு மணித்தியாலம் தள்ளி. போய்த் திரும்பினால் நேரம் சரி, காசும் நட்டம். அதனால் அவர் வருசக்கணக்காக அந்த ரெண்டரை மூன்று மணித்தியாலத்தை பேர்ண் ரயில் நிலையத்து வாங்கில் இருந்து கழித்தவர். இது எனக்குத் தெரியும். ஆனால் வாங்கில் இருந்து பாண் தின்னேக்க அப்பா சொன்னது எனக்குத் தெரியாது. கடைசி நேரத்தில் ஒரு மேசை வந்தால், பின்னேரம் திரும்பி வரவேண்டிய நேரம் மாறாது. அதனால் இடைவேளைதான் சுருங்கும். ரெண்டு மேசை வந்தால் அன்றைக்கு இடைவேளையே இல்லை. பத்து மணித்தியாலம் நின்ற காலோடு மற்ற ஐந்து மணித்தியாலம். "அந்தச் சனத்தை நான் திட்டாத நாளில்லை. அவையளும் நல்ல ஆக்கள்தான். ரிப்ஸும் விடுவினம்," என்றார்.

தோழர்களே, என்ர பட்டியலில் இது எங்கே இருந்தது? எங்குமே இல்லை.

நான் எந்தக் கடை என்று தேடினேன். எத்தனை மணி என்று யோசிக்கவில்லை. யாருடைய ஊர் என்று கேட்டேன். யாருடைய வேலை என்று கேட்கவில்லை. இது என்னுடைய தனிப்பட்ட மறதி இல்லை என்றுதான் நினைக்கிறேன். இடதுசாரி என்று சொல்லிக்கொள்ளும் எங்களில் நிறையப் பேர் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கும்போது அசல் எது, போலி எது என்றுதான் கதைக்கிறோம். அது ஒரு நல்ல வாடிக்கையாளரின் கேள்வி. தொழிலாளியின் கேள்வி வேறு.

அந்த 'அசல்' கதையையே கொஞ்சம் பாருங்கள். நான் தேடிப்போன 'மெனு டெல் தியா', அதாவது அன்றைய நாள் சாப்பாடு, முதல் கறி, இரண்டாம் கறி, இனிப்பு, பாண், குடிக்க ஒரு கிளாஸ் வைனோ தண்ணியோ. இப்ப ஊரையும் கடையையும் பொறுத்து 12 முதல் 16 யூரோ வரை வரும். எல்லாப் பயணக் குறிப்பிலும் 'உள்ளூர் மக்கள் சாப்பிடுவது' என்று இதைத்தான் எழுதுவார்கள். உள்ளூர் மக்கள் சாப்பிடுவது உண்மைதான். ஆனால் அது வந்த வழி வேறு. 1960களில், பிராங்கோ சர்வாதிகாரத்தில் மனுவேல் பிராகா தகவல், சுற்றுலா அமைச்சராக இருந்தபோது, வெளிநாட்டவருக்காக விலைக் கட்டுப்பாட்டோடு ஒரு 'சுற்றுலா மெனு' வைக்கவேண்டும் என்று அரசு உணவகங்களுக்குக் கட்டளை போட்டது. ஆட்சிக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது, வெயிலையும் மலிவான சாப்பாட்டையும் விற்றார்கள். வேலைக்குப் போகும் சனம் பிறகு அதைத் தங்கட மத்தியானச் சாப்பாடாக ஆக்கிக்கொண்டது. ஆகவே நான் ரூரிஸ்ட்டிடமிருந்து தப்பி ஓடிப் பிடித்த அசல் சாப்பாடு, ரூரிஸ்ட்டுக்காகவே தொடங்கியது.

அதோடு, 'ரூரிஸ்ட் இல்லாத இடம்' தேடிப் போவதும் ஒரு தீமைதான். பிளாய் வீதியும் ஒரு காலத்தில் ரூரிஸ்ட் இல்லாத வீதி. முதல் போனவர்கள் என்னைப் போல விசயம் தெரிந்தவர்கள். பிறகு அடுத்தவர்கள், பிறகு வாடகை. நான் முக்கால் மணித்தியாலம் நடந்து செய்த வேலை, அந்தக் கோட்டை இன்னும் ரெண்டு வீதி மேலே நகர்த்தியது மட்டும்தான்.

இனி நேரத்துக்கு வருவோம். ஸ்பெயினுக்குப் போன எல்லாரும் சொல்லும் முதல் விசயம் சாப்பாட்டு நேரம். மத்தியானம் ரெண்டுக்கு, இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும். நாலுக்கும் எட்டுக்கும் இடையில் நிறையக் குசினிகள் பூட்டு. சனம் இதை 'அவர்களின் கலாசாரம்' என்று ரசிக்கும். இதிலும் ஒரு அரசியல் இருக்கு. ஸ்பெயின் பூமியில் இருக்கும் இடத்தின்படி அதற்கு லண்டன், லிஸ்பன் நேரம்தான் பொருந்தும். 1940இல் பிராங்கோ மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தார். இன்று வரைக்கும் யாரும் திருப்பவில்லை. சூரியன் ஒரு பக்கம், மணிக்கூடு ஒரு பக்கம். சாப்பாட்டு நேரம் பிந்தியதற்கு இது ஒரு காரணம்.

நேரம் பிந்துவதால் வரும் பிரச்சினை சாப்பிடுகிறவருக்கு இல்லை. குசினியிலும் மேசையிலும் வேலை செய்பவர்களின் நாள் ரெண்டாக உடைகிறது. மத்தியானம் பன்னிரண்டில் இருந்து நாலரை, பிறகு எட்டில் இருந்து நடுச்சாமம். உடைந்த வேலை நாள் என்று அவர்களும் சொல்லுகிறார்கள். 2024 மார்ச்சில் தொழில் அமைச்சர் யோலாந்தா தியாஸ், இரவு ஒரு மணிக்கும் உணவகங்கள் திறந்திருக்கும் நாடு நியாயமான நாடில்லை என்று பேசினார். உடனே மட்ரிட் பிராந்திய முதல்வர் இசபெல் தியாஸ் அயூசோ, எங்கட சந்தோசத்தையும் உணவகங்களையும் பறித்து எங்களை வீட்டுக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள் என்கிற மாதிரிப் பதில் கொடுத்தார். அயூசோவின் 'சுதந்திரத்தில்' மேசையில் இருப்பவர் மட்டும்தான் இருக்கிறார். தட்டு எடுத்துவரும் ஆளுக்கு அதில் இடமில்லை. நாலுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது நான் கத்தியதும் அதே சுதந்திரத்துக்காகத்தான். அரசியலில் அயூசோவுக்கு எதிர்ப் பக்கம் நிற்கும் நான், பசி வந்தவுடன் அவ பக்கம் போய் நின்றுவிட்டேன்.

நாங்கள் பாண் தின்ற வாங்குக்கு முன்னால் மூன்று பெரிய புகைபோக்கிகள் நின்றன. 'மூன்று புகைபோக்கிகள்' என்றே அந்த இடத்துக்குப் பெயர். லா கனதியென்சே என்று சனம் கூப்பிட்ட மின்சாரக் கம்பனியின் பழைய மின்நிலையம் அது. 1919இல் அந்தக் கம்பனித் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 44 நாள் ஓடியது. நகரம் இருட்டில் கிடந்தது. முடிவில், 1919 ஏப்ரல் 3 அன்று, நாடு முழுவதுக்கும் எட்டு மணித்தியால வேலை நாள் சட்டமானது. உலகத்தில் முன்னுக்கு நின்ற வெற்றிகளில் ஒன்று. அந்தப் புகைபோக்கியில் இருந்து ஐந்து நிமிச நடை தூரத்தில்தான் நான் அந்த வெயிற்றரின் இடைவேளையைத் தின்னப் பார்த்தேன். நல்ல படிப்பு.

அடுத்த நாள் அதே கடைக்குத் திரும்பிப் போனோம். ஒன்றரை மணிக்கு. அந்த வெயிற்றர் எங்களைக் கண்டவுடன் சிரித்துவிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அப்பாவுக்கு மரக்கறி. இறைச்சி வேண்டாம் என்று சொன்னேன், சலாட்டில் டூனா மீனோடு வந்தது. அந்த ஊரில் பல கடைகளில் 'இறைச்சி இல்லாமல்' என்றால் மீன் இல்லாமல் என்று அர்த்தமில்லை, இதைத் தெரிந்து வைத்திருங்கள். அவர் வந்து கவலைப்பட்டு, மீனை நான் சாப்பிட, அப்பாவுக்குப் பத்ரோன் மிளகாய் பொரித்து உப்புத் தூவிக் கொண்டுவந்தார். கலீசியா மிளகாய். பத்தில் ஒன்று ரெண்டுதான் உறைக்கும் என்பார்கள். அப்பா முழுத் தட்டையும் முடித்துவிட்டு, "ஒண்டும் உறைக்கேல்லை," என்றார்.

அப்பாவுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆனால் அவர் "மேசை" என்றார், அந்த ஆளுக்கு விளங்கியது, அவர்களுக்கு 'மெசா'. "பாண்" என்றார், அவர்களுக்கு 'பான்'. "குசினி" என்றார், அவர்களுக்கு 'கொசினா'. எங்கட ஊருக்குப் போர்த்துக்கேயர் துவக்கோடு வந்தபோது வந்த சொற்கள். ஸ்பானியம் அதன் சகோதர மொழி. ஹொண்டுராஸ்காரரான அந்த வெயிற்றருக்கும் அந்த மொழி அதே மாதிரிக் கப்பலில் வந்ததுதான். ரெண்டு பேரும் மேசையைத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

என்ர அரைகுறை ஸ்பானியத்தால் அப்பா கேட்கச் சொன்ன ஒரே கேள்வி, அந்த இடைவேளைக்கு எங்க போவீங்கள் என்பது. மழை இல்லாவிட்டால் பார்க், மழை என்றால் மெட்ரோ என்றார். முன்பு இதே பகுதியில் ஒரு அறையில் இருந்தவராம். வாடகை ஏறியதால் நகரத்துக்கு வெளியே போய்விட்டாராம். புத்தகத்தில் எட்டு மணித்தியாலம், காலில் பத்து என்றும் சொன்னார். ஸ்பெயினில் 2019 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை செய்த நேரத்தை முதலாளி பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு இருக்குது. பதிவில் எழுதுவது யார் என்பதுதான் விசயம்.

சரி, இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். நாலுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது எல்லாரும் மரியாதையாக எழும்பிப் போனால் அவருடைய சம்பளம் ஏறுமா? வாடகை இறங்குமா? இது இன்னொரு 'நல்ல விருந்தாளி'ப் பட்டியல்தானே?

நியாயமான கேள்வி. ஏறாது, இறங்காது. 1936 டிசம்பரில் பார்சலோனாவுக்கு வந்த ஜோர்ஜ் ஓர்வெல், வெயிற்றர்கள் வாடிக்கையாளரின் முகத்தை நேராகப் பார்த்துச் சமமாக நடத்தினார்கள் என்றும், ரிப்ஸ் கொடுப்பது தடை என்றும் 'ஹோமேஜ் டு கற்றலோனியா'வில் எழுதியது எங்களுக்குப் பிடித்த கதை. லிப்ட் இயக்கிய பையனுக்குக் காசு கொடுக்கப் போய் ஹோட்டல் மனேஜரிடம் பேச்சும் வாங்கினாராம். நான் அங்கே போகும்போது அந்தப் பார்வை ஒன்று எனக்கும் கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அன்றைக்கு அந்தச் சமத்துவம் வாடிக்கையாளர் நல்லவராக இருந்ததால் வரவில்லை. உணவகங்களும் ஹோட்டல்களும் தொழிற்சங்கங்களின் கையில் இருந்தன. பணக்காரரின் ரிட்ஸ் ஹோட்டலையே சங்கங்கள் எடுத்து, 'கஸ்ட்ரோனோமிக் ஹோட்டல் இலக்கம் 1' என்று பெயர் மாற்றிச் சாதாரண சனத்துக்குச் சாப்பாடு போட்டன. சமமான பார்வை அதிகாரத்தில் இருந்து வந்தது, மரியாதையில் இருந்து இல்லை.

ஆகவே அப்பா எழும்பிப் போனது தீர்வு இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்பது மட்டும்தான் அது. சாப்பிட்டு முடிந்தும் மேசையில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பதற்கு ஸ்பானியத்தில் 'சொப்ரமெசா' என்று ஒரு சொல்லே இருக்கு. நாங்கள் கேட்காமல் பில் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள். நல்ல பழக்கம், எனக்கு அது அழியக் கூடாது. பிந்தி வருகிறவருக்கும் சாப்பாடு கிடைக்கத்தான் வேண்டும். நைட் வேலைக்குப் போகிறவருக்கும் பசிக்கும். அதற்கு வழி, ஆள் போதுமான அளவு வைத்து, ரெண்டு முறையாக வேலை பிரித்து, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சம்பளம் கொடுப்பது. அது கேட்டு, போராடி வாங்க வேண்டியது. 2022 பெப்ரவரி 3 அன்று தற்காலிக ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தும் தொழில் சட்டத் திருத்தம் ஸ்பானியப் பாராளுமன்றத்தில் 175க்கு 174 என்று ஒரே ஒரு வாக்கில் தப்பியது. அதுவும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தவறுதலாக மாறிப் போட்ட வாக்கால்! தற்காலிக ஒப்பந்தத்தோடு பருவத்துக்குப் பருவம் அலைந்த நிறைய உணவகத் தொழிலாளருக்கு அதன் பிறகு நிரந்தர ஒப்பந்தம் கிடைத்தது. வேலை வாரத்தை 37 அரை மணித்தியாலமாகக் குறைக்கும் சட்டமோ 2025 செப்டம்பரில் தோற்றுப்போனது. சண்டை இங்கேதான் நடக்கிறது. தண்ணித் துவக்கைப் பகிர்ந்த நாங்கள் இதைப் பகிர்ந்தோமா? நான் பகிரவில்லை.

போகிறவர்கள் போங்கள். போனால் ரெண்டுக்கு முதல் போய் இருங்கள், மூன்றரைக்குப் பிறகு புதுக் கடைக்குள் நுழையாதீர்கள். பசித்தால் பார்களில் நாள் முழுக்க தாப்பாஸோ பொக்கடியோ பாணோ கிடைக்கும். ரிப்ஸ் அங்கே கட்டாயம் இல்லை, விட்டால் காசாக விடுங்கள். ஆனால் ரிப்ஸ் கொடுத்துவிட்டேன் என்று மனச்சாட்சியைக் கழுவ வேண்டாம். ஹோட்டலிலோ உணவகத்திலோ வேலைநிறுத்தம் என்றால் உள்ளே போகாதீர்கள், முற்பதிவு காசு போனாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதாமல் விட்டால் நான் எழுதிய மற்றதெல்லாம் பொய்.

போன இலையுதிர் காலத்தில் எங்கட கூட்டம் முடிந்து இருபத்திரண்டு பேர் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? இரவு பத்தரை. கதிரையை ஏற்றிவிட்டார்கள். "அண்ணை, கொத்து இருக்கோ?" என்று கேட்டது நான்தான். அண்ணை ஓம் என்றார். அவர் வேற என்னத்தைச் சொல்லுறது? ஒரு மணி வரைக்கும் இருந்து தொழிலாளர் உரிமை பற்றிக் கதைத்தோம். உள்ளே கொத்துப் போட்ட தம்பி ஸ்ருடன்ட் விசாவா, அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரா, அவருக்கு அந்த இரண்டரை மணித்தியாலத்துக்குச் சம்பளம் வந்ததா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கடை எங்கட கடை, ஆதரவு கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னோம். எங்கட கடை என்றால் முதலாளி எங்கட ஆள் என்று அர்த்தமா, கோப்பை கழுவுறவர் எங்கட ஆள் என்று அர்த்தமா?

சுவிஸில் உணவகத் துறைக்கு நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தம் இருக்கு. தமிழ்க் கடைக்கும் அது பொருந்தும். குறைந்தபட்சச் சம்பளம், பதின்மூன்றாம் மாதச் சம்பளம், வேலை நேரப் பதிவு எல்லாம் அதில் இருக்கு. அதை எளிய தமிழில் நாலு பக்கமாக எழுதி, கூட்டத்துக்குப் பிறகு சாப்பிடப் போகும் கடைகளின் குசினிக் கதவுப் பக்கமாகக் கொடுக்கலாம். பிரான்ஸ், லண்டன், கனடாத் தோழர்களும் தங்கட நாட்டுச் சட்டத்தை வைத்து இதையே செய்யலாம். முதலாளிமார் கோபிப்பார்கள். சிலர் எங்கட நிகழ்ச்சிகளுக்குச் சாப்பாடு தாறவர்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்லுறன். அடுத்த கூட்டத்தில் இதை முதல் விசயமாக எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கூட்டத்தை ஒன்பது மணிக்கு முடிப்பதையும் சேர்த்துப் பேசுவோம். குசினி பூட்ட முதல் போய்ச் சாப்பிடலாம்.